பாறையில் நின்று பாரை பிடிக்க

“கரையில நின்னு போட்டா ஷீலா கிடைக்குமாண்ணே?” என்று போனில் கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு சிரிப்பு. “கரையில நின்னு சீலாவா? வள்ளத்துல போற எங்களுக்கே இப்பம் கிடைக்க மாட்டேங்குது தம்பி.”

பத்து நிமிடம் பேசிய பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேரும் இரண்டு வேறு மீன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. சென்னைக்காரனான எனக்கு ஷீலா என்றால் நீள மூஞ்சியும் ஊசிப் பல்லுமாக வந்து தூண்டில் நரம்பைக் கடித்துவிட்டுப் போகும் மீன். அவர் பல வருடம் தூத்துக்குடிப் பக்கம் மீன்பிடித் தொழில் பார்த்தவர். அங்கே சீலா என்றால் நாம் வஞ்சிரம் என்று சொல்லிப் பர்ஸைக் காலி செய்துகொள்ளும் மீன். அதே வஞ்சிரம் அவருடைய சொந்த ஊரான குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் நெய்மீன். நான் கேட்ட ஊசிப் பல்காரனுக்குத் தெற்கே பெயர் ஊளி.

அன்று ராத்திரி ஒரு பழைய நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் நம் ஊர்ப் பெயர், வலது பக்கம் அவர்கள் பெயர். கானாங்கத்தைக்கு நேரே அயிலை. மத்திக்கு நேரே சாளை. கடம்பாவுக்கு நேரே கணவாய். பாரை மட்டும் இரண்டு பக்கமும் பாரைதான், அதில் ஒரு நிம்மதி. ஏனென்றால் பயணமே பாரைக்காகத்தான். அந்தக் குமரி மேற்குக் கரையில் இருக்கும் முட்டத்துப் பாறைகளில் நின்று பாரை பிடிக்க வேண்டும் என்பது என் மூன்று வருட ஆசை. இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி எந்த ‘ர’, எந்த ‘ற’ என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, “டேர்ம் இன்ஷூரன்ஸ் கட்டியாச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

நான் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரன். கோவளம், முட்டுக்காடு, சில நாள் அடையாறு முகத்துவாரம். அந்தக் கடல் எனக்கு ஓரளவு தெரியும். மே மாதம் என்றால் விடியலில் கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று இருக்கும். அது நம் வீச்சுக்கு உதவும். வெயில் ஏற ஏறக் காற்று நின்று, மதியம் வாக்கில் கடல்காற்று முகத்தில் அடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் மூட்டை கட்டிவிட வேண்டும். தரை முழுக்க மணல். தூண்டிலில் கட்டிய ஈயம் எங்கே விழுந்தாலும் திரும்பி வரும். இதையெல்லாம் நான் மீன்பிடி அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் உள்ளூர்ப் பழக்கம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது தனுஷ்கோடி.

மூன்று வருடத்துக்கு முன்பு ஜூன் மாதத்தில் நானும் மச்சானும் யாரையும் கேட்காமல் அங்கே போனோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவன் தூண்டில் போடமாட்டான், பிடித்ததைச் சாப்பிடுவான். அரிச்சல்முனைக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் கடல். தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா கருநீலமாக இருந்தது. ஆழம் இருக்கிறது, பெரிய மீன் இருக்கும் என்று அந்தப் பக்கம் நின்றேன். விடியலில் காற்று குறையும் என்று ஐந்தரைக்கே லாட்ஜிலிருந்து கிளம்பி வந்திருந்தோம். காற்று குறையவே இல்லை. வீசிய லூர், அதாவது செயற்கை இரை, பாதி வழியில் வில்லாக வளைந்து என் பக்கமே திரும்பி வந்தது. ஒருமுறை மச்சானின் தொப்பியைத் தூக்கியது. நாள் முழுக்க அப்படியே. மாலையில் போலீஸ்காரர்கள் எல்லோரையும் கிளப்பிவிடும் நேரத்தில், சங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார்: “கச்சான் அடிக்கிற காலத்துல தென்கடலைப் பாத்துக்கிட்டே நிக்கிறீகளே தம்பி, ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகலாம்ல?”

திரும்பிப் பார்த்தேன். வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், குளம் மாதிரி கிடந்தது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காலத்தில் அப்படியே தலைகீழ். ராமேஸ்வரத்தில் சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம். பத்து மணி நேரம் நான் அந்தக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அதனால்தான் இந்த முறை ராடு வாங்குவதற்கு முன்னால் ஆள் தேடினேன். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். அவருடைய பெரியப்பா மகன்தான் மேலே சொன்ன அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். வாரத்தில் இரண்டு முறை போன் செய்தேன். நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்களைவிட, நான் கேட்கத் தெரியாமல் விட்டதற்கு அவராகச் சொன்ன பதில்கள்தான் நோட்டில் அதிகம்.

முதலில் தேதி. கோடை விடுமுறை, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பியாச்சு, மே கடைசி அல்லது ஜூன் முதல் வாரம் என்று சொன்னேன். “ஜூன்லயா? அப்பம் கடல்ல தொழிலே கிடையாதே” என்றார். தடைக்காலம் என்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்றுதான் எனக்குப் பாடம். காசிமேட்டில் விலை எகிறும், ஐஸில் வைத்த வெளியூர் மீன் வரும். குமரி மாவட்டத்தில் கதை வேறு. அந்த ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கடல், இரண்டு தடைக்காலம். கிழக்கே சின்னமுட்டம் பக்கம் நம்மைப் போலவே ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. மேற்கே முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதுவும் 61 நாள்தான். கரையில் தூண்டில் போடுகிறவனுக்கும் நாட்டுப் படகுக்கும் இந்தத் தடை இல்லை, விசைப்படகுகளுக்குத்தான். ஆனால் எனக்கு அதில் காரியம் இருந்தது. மே மாதம் மேற்கே துறைமுகம் ஓடிக்கொண்டிருக்கும், அன்றாடம் இறங்கும் சாளையும் கணவாயும் இரைக்குக் கிடைக்கும். ஜூன் பிறந்தால் விசைப்படகும் நிற்கும், தென்மேற்குப் பருவமழையும் வந்து சேரும். அப்புறம் அந்தப் பாறைகளில் ஏறுவது தூண்டில் போடும் கணக்கில் வராது.

ஆக மே நடுவில், மூன்று நாள். சனி, ஞாயிறு, திங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்றார். கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். அன்றைக்குக் கோயில், வீடு, வலை தைத்தல், தூக்கம். எனக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாள் அவர்களுக்கும் ஓய்வு நாள். ஞாயிற்றுக்கிழமை ஒருவருடைய வீட்டு வாசலில் போய் “பாறையைக் காட்டுங்கண்ணே” என்று நிற்பது நியாயமில்லை. வியாழன் இரவு கிளம்பி, வெள்ளியும் சனியும் தூண்டில், ஞாயிறு திரும்புதல் என்று மாற்றினேன். லீவு கேட்டதற்குக் காரணம் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். பொய்யில்லை.

அதன் பிறகு ஒரு நாள், பேச்சோடு பேச்சாக, அவர் கேட்டார். “கள்ளக்கடல் கேள்விப்பட்டிருக்கியா மக்கா?”

தம்பி என்பது மக்கா ஆன நாள் அது. கேள்விப்பட்டிருந்தேன், செய்தியில். 2024 மே 6-ஆம் தேதி, கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் பயிற்சி மருத்துவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். நடுக்கடலில் அல்ல, கரையோரத்தில். அது புயல் நாளும் இல்லை. அந்த வாரம் கடல் சீற்ற எச்சரிக்கை இருந்தது. வெளியூரிலிருந்து வருகிறவன் வானத்தைத்தான் பார்ப்பான். வானம் நன்றாக இருந்தால் கடலும் நன்றாக இருக்கும் என்று நம்புவான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

கள்ளக்கடல் என்ற பெயரைக் கேரளக் கரையும் குமரிக் கரையும் வைத்தன. இன்று விஞ்ஞானிகளும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவது. காற்று இங்கே அடித்திருக்காது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் ஒரு பெரிய புயல் அடித்திருக்கும். அது கிளப்பிய நீள அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, நாம் இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது வந்து கரையில் ஏறும். ஏப்ரல், மே மாதங்கள்தான் இதற்குப் பேர்போன காலம். மீனுக்கு நல்ல மாதம் என்று நான் தேர்ந்தெடுத்த மாதமும் அதுவே.

இங்கேதான் என் சென்னைப் பழக்கம் இரண்டாவது முறை அடி வாங்கியது. வானிலைச் செயலியில் நான் இத்தனை வருடமும் பார்த்தது காற்றின் வேகமும் அலையின் உயரமும். பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும், நொடிக்கணக்கில். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி. அதை நான் மதித்ததே இல்லை. ஒரு மீட்டர் உயர அலை ஆறு நொடிக்கு ஒன்று வந்தால், ஆழ்கடலில் இரண்டு முகடுகளுக்கும் நடுவே ஐம்பத்தைந்து மீட்டர் சொச்சம்தான் இருக்கும். அதே ஒரு மீட்டர் உயரம், பதினாறு நொடிக்கு ஒன்று என்றால் அந்தத் தூரம் 400 மீட்டர். உயரம் ஒன்றுதான், ஆனால் பின்னால் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் எத்தனை மடங்கு! ஆறு நொடி அலை பாறையில் மோதித் தெறிக்கும். பதினாறு நொடி அலை மோதிய பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும். இந்தப் பதினாறு நொடி அலைகளின் கூட்டம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டரில் நகர்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்தாலும் ஐந்தாறு நாளில் குமரிக்கு வந்துவிடும். இது தெரிந்த பிறகு, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து காலையில் பல் தேய்த்துக்கொண்டே மடகாஸ்கருக்குத் தெற்கே எங்காவது புயல் இருக்கிறதா என்று பார்க்கும் ஆளாகிவிட்டேன். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கையை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. அந்தப் பக்கத்தையும் போனின் முகப்பில் வைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு இந்த எண் எதுவும் தேவைப்படவில்லை. “அலை வருது, வருது, வருது, அப்பறம் ஒரு சும்மா. அந்தச் சும்மாவை நம்பாதே” என்றார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் நீண்ட அமைதி இருக்கும், அந்த அமைதியில்தான் ஆட்கள் இறங்குவார்கள் என்பதை அவர் அப்படிச் சொன்னார். நான் எண்ணைக் கற்றுக்கொண்டது, அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள உதவியது, அவ்வளவுதான்.

லைஃப் ஜாக்கெட் எடுத்து வந்தால் ஊரில் சிரிப்பார்களா என்று கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “ஒக்கிக்கப்பறம் இங்க யாரும் அதுக்குச் சிரிக்க மாட்டாங்க” என்றார். 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் எத்தனை வீடுகளுக்குள் புகுந்தது என்பதைப் பற்றி அவர் மேற்கொண்டு பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் மட்டும் என் பங்குக்குச் சும்மா இருப்பேனா? செயற்கைக்கோள் வரைபடத்தில் முட்டத்துக் கரையை அங்குலம் அங்குலமாகத் தேய்த்து, ஒரு பாறையைக் கண்டுபிடித்து வைத்தேன். கடலுக்குள் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு, மேலே தட்டையாக, இரண்டு பக்கமும் வெள்ளை நுரையோடு. நுரை இருக்கும் இடத்தில் சின்ன மீன் திணறும், அதைத் தேடிப் பாரை வரும் என்பது கணக்கு. அந்தப் படத்தை அலுவலகக் கணினியின் முகப்பில் வைத்தேன். மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்தபோது மேலாளர், “வீடு கட்ட இடம் பாக்குறீங்களா?” என்று கேட்டார். (அதே வரைபடத்தில் இன்னொன்றும் கண்டேன். அந்தக் கரை நெடுக ‘தூண்டில் வளைவு’ கேட்டுப் போராட்டம் என்று செய்தி வருமே, கடலரிப்பைத் தடுக்கப் போடும் அந்தக் கல் வளைவுகள் மேலிருந்து பார்த்தால் நிஜமாகவே தூண்டில் முள் போலத்தான் இருக்கின்றன. பெயர் வைத்தவருக்கு ஒரு வணக்கம்.)

சாமான் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தூண்டில்காரர்கள் இதைப் பேசத் தொடங்கினால் விடியும். மணல் கடலுக்காக நான் வைத்திருந்த கம்பிக்கால் ஈயமெல்லாம் பாறைக் கடலில் உதவாது. போய் இடுக்கில் உட்கார்ந்தால் வராது. “ஈயத்தை நரம்புல நேரா கட்டாதே. தனியா ஒரு மெல்லிசுத் தங்கூஸ்ல தொங்க விடு. மாட்டுனா அது மட்டும் அறும், முள்ளும் மீனும் கைக்கு வரும்” என்று அண்ணன் சொன்னது, யூடியூபில் மூன்று மாதம் பார்த்ததைவிட உருப்படியான ஒரே யோசனை. அதையும் சொல்லிவிட்டு, “ஈயம் எதுக்கு, கல்லைக் கட்டேன்” என்றார். எனக்கு மனசு வரவில்லை. எட்டு ஈயக்குண்டு, லூரில் நாலு பாப்பர், ஆறு மெட்டல் ஜிக், இரண்டு ராடு. ராடுகளை மொட்டைமாடிக் குழாய் வேலையில் மிஞ்சிய பிவிசி பைப்பில் நுழைத்து இரண்டு பக்கமும் மூடி போட்டேன்.

எழும்பூரில் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் பைப்பைத் தட்டி, “இது என்ன?” என்றார். தூண்டில் என்றேன். “மீனுக்கா?” என்றார். வேறு எதற்கு என்று கேட்க நினைத்து, ஆமாம் சார் என்றேன். டிக்கெட் இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கோடையில் தெற்கே போகும் வண்டி எவ்வளவு வேகமாக நிரம்பும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் மச்சானுக்கும் கிடைத்தது இரண்டும் மேல் பெர்த். பைப் என்னோடு படுத்துக்கொண்டு வந்தது.

காலையில் நாகர்கோவில். வெள்ளி முழுக்கத் தூண்டிலே போடவில்லை. அதுவும் பிறகு திட்டத்தில் சேர்ந்ததுதான். முதல் நாள் பார்ப்பதற்கு என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குளச்சலில் மீன் இறங்குவதைப் பார்த்தோம், நோட்டில் இன்னும் ஏழு பெயர் ஏறியது. மச்சான் இரண்டு வேளையும் மீன் சாப்பாடு சாப்பிட்டான். அவனைப் பொறுத்தவரை பயணம் அங்கேயே வெற்றி.

சனிக்கிழமை விடியலில் அண்ணன் வந்தார். எச்சரிக்கை எதுவும் இல்லை. காற்று இல்லை. அலை உயரம் ஒரு மீட்டர் சொச்சம், இடைவெளி பன்னிரண்டு நொடி. வானம் கழுவி விட்டது போல. நான் கணினியில் இரண்டு மாதம் பார்த்த பாறை நேரில் இன்னும் அழகாக இருந்தது. மேல்பக்கம் காய்ந்து, வெளிறி, நாலு பேர் தாராளமாக நிற்கலாம். “அதுதாண்ணே” என்று பைப்பின் மூடியைத் திருகினேன்.

“இரு” என்றார். “உக்காரு. அரை மணி நேரம் சும்மா பாரு. அதுக்குள்ள அந்த இடம் நனையலைன்னா யோசிப்போம்.”

மேட்டில் உட்கார்ந்தோம். மச்சான் போனில் கடிகாரத்தை ஓடவிட்டான். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பாறையின் இடுப்பில் சிப்பி ஒட்டிய கறுப்புப் பட்டை வரைக்கும் தண்ணீர் ஏறி இறங்கியது, அதற்கு மேல் ஒரு துளி இல்லை. பதினைந்தாவது நிமிடத்தில் நுரைக்குள் ஏதோ ஒன்று வெள்ளியாகத் திரும்பியது. நான் பார்த்தேன், சத்தியமாகப் பாரைதான். இருபது. எனக்குக் கால் நிற்கவில்லை. போதும்ண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் ஒரு அலை வந்தது. பெரிதாகத் தெரியவில்லை, அதுதான் விஷயம். முகடு உடையவில்லை, சத்தம் போடவில்லை. தண்ணீர் மட்டம் மட்டும் உயர்ந்து கறுப்புப் பட்டையைத் தாண்டியது, தாண்டி நிற்காமல் ஏறியது, தட்டையான அந்த மேல்பரப்பு முழுவதையும் முழங்கால் அளவுக்கு மூடி, மறுபக்கம் அருவி மாதிரி வழிந்தது. பின்னால் இன்னும் இரண்டு. அப்புறம் அண்ணன் சொன்ன அந்தச் ‘சும்மா’. பாறை பளபளவென்று நனைந்து கிடந்தது. மச்சான் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பைப்பின் மூடியை எடுத்து என் கையில் கொடுத்தான்.

“மணக்குடிக்குப் போவோம்” என்றார் அண்ணன். பழையாறு கடலில் சேரும் இடம். மேல மணக்குடிக்கும் கீழ மணக்குடிக்கும் நடுவில் காயல் தண்ணீர் அசங்காமல் கிடந்தது. பாப்பரும் ஜிக்கும் பையிலேயே இருக்க, அவர் கொடுத்த கைத்தூண்டிலில் இறால் துண்டைக் குத்திப் போட்டேன். ஈயத்துக்குப் பதில் ஒரு கல். வெயில் ஏறுவதற்குள் விரல் நீளத்தில் நாலும் உள்ளங்கை அகலத்தில் ஒன்றும் கிடைத்தன. நாலையும் விட்டுவிட்டோம். அந்த ஒன்று எனக்குத் தெரியாத மீனாக இருந்தது. பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பையனிடம் நோட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“தம்பி, இதுக்கு இங்க என்ன பேரு?”

அவன் மீனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “மீனு” என்றான்.